நாற்பது பாரில் கழுவ வேண்டிய மரம்

என் கணவர் விழுந்தது எங்கள் வீட்டு டெக்கில். அதுவும் அந்த டெக்கின் பெருமையைப் பங்குச் சாமியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது.

கண்டியில், ஹந்தானை மலைச் சரிவில் எங்கள் வீடு. பின்கதவைத் திறந்தால் நிலம் சட்டென்று கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தின் மேல் இரும்புக் கால்களை நட்டு, குறுக்கே பலகை அடித்து, கைப்பிடி வைத்துக் கட்டிய மேடைதான் டெக். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முப்பது வருஷம் மற்றவர்களின் இரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற மனிதருக்கு, இனிமேல் மலையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஒரு ஹோட்டலில் கல்யாண வரவேற்புக்குப் போன இடத்தில் இப்படி ஒன்றைக் கண்டுவிட்டு வந்து, மறுவாரமே தச்சரைப் பிடித்தார்.

"பாதி வருஷம் மழை பெய்ற ஊர்ல வெளியில பலகை எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"இது பர்மாத் தேக்கு. இதுல கப்பலே கட்டுறாங்க. மழை என்னா செய்யும்?" என்றார்.

மழை ஒன்றும் செய்யவில்லை. பாசி செய்தது. இரண்டு வருஷத்தில் கைப்பிடியோரம் பச்சை பிடித்தது. நான்காம் வருஷம் டெக் முழுக்கப் பச்சை. என் கணவர் மட்டும் அதன் மேல் கால் விரல்களை விரித்து, கொக்கு நடப்பதுபோல் நடக்கப் பழகிவிட்டார். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

ஏழாம் வருஷம், எங்கள் பங்குக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பாதர் வீடு சந்திக்க வந்தார். தேத்தண்ணிக் கோப்பையோடு அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார் என் கணவர். நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாதர், இது அசல் பர்மாத் தேக்கு. பாத்து வாங்க, கொஞ்சம் வழுக்..." என்று திரும்பினார். மீதி எழுத்துகளைச் சொல்வதற்குள் இரண்டு காலும் முன்னால் போய்விட்டன. உட்கார்ந்தபடியே விழுந்தார். பாதர் "ஜேசுவே!" என்றார். என் கணவர் சொன்னது வேறு சொல். அதை ஒரு பாதருக்கு முன்னால் யாரும் சொல்லக் கூடாது. பாதரும் பெரிய மனதோடு காது கேளாதவர்போல் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

வால் எலும்பில் வெடிப்பு. மாவுக்கட்டுப் போட முடியாத இடம். ஆறு கிழமைக்குக் கடினமான எதிலும் உட்காரக் கூடாது, நடுவில் ஓட்டை உள்ள தலையணை வாங்குங்கள் என்றார் டொக்டர். கண்டியில் மூன்று பார்மசி ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. கடைசியில் விளையாட்டுச் சாமான் கடையில், சிறுபிள்ளைகள் நீச்சல் பழகும் காற்று வளையம் ஒன்றை வாங்கி வந்தேன். நீல நிறம், சுற்றிவர மஞ்சள் வாத்துகள். என் கணவர் அதைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. ஆனால் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியில் வாத்துகளை மன்னித்துவிட்டார் என்று தெரிந்தது.

வால் எலும்புக்கென்று ஒரு புனிதர் இருக்கிறாரா என்று எங்கள் ஜெபப் புத்தகத்தில் தேடினேன். தொண்டைக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், பல்லுக்குக்கூட ஒருவர் இருக்கிறார்கள். அந்த இடத்தைப் பொறுப்பேற்க மட்டும் பரலோகத்தில் எவரும் முன்வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா சூப்போடு பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்தவர். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர். நோயாளியை ஒரு பார்வை, வாத்துகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் பின்கதவுக்குப் போய் டெக்கை ஆராய்ந்தார்.

"உந்தப் பாசியைக் கழுவாட்டி அடுத்தது நீர்தான் விழுவீர்" என்றார் என்னிடம். "தண்ணி பீச்சுற மெஷின் ஒண்டு இருக்கெல்லே, பிரஷர் வொஷர். அதை வாங்கும்."

அறைக்குள்ளிருந்து என் கணவர் சத்தம் போட்டார். "மெஷினெல்லாம் வேணாம் அக்கா! ஈர்க்குமாறும் சவர்க்காரமும் போதும். நான் எழும்பினதும் நானே தேய்ச்சிருவேன்."

எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. எங்கள் வீட்டில் முட்டை அவிக்கத் தனி மெஷின் உண்டு. தேங்காய் துருவ இரண்டு மெஷின். கால் பாதத்தைக் குலுக்கும் ஒன்று. எல்லாம் அவர் வாங்கியவை. மெஷின் வேண்டாம் என்று அவர் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. வலி மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து, அந்தச் சனிக்கிழமை நானே கிளம்பினேன்.

முதலில் பிலிமத்தலாவைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. சிவப்பும் மஞ்சளுமாக மெஷின்கள் வரிசையாக நின்றன. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். என்னைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"சேர் வரலீங்களா மேடம்?"

"சேர் உக்கார முடியாம இருக்காரு. எனக்குக் காட்டுங்க."

அவர் காட்டினார். இது நூறு பார், இது நூற்றி ஐம்பது பார், இது இருநூறு பார் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்த பார் எல்லாம் கண்டி டவுனில் ஆண்கள் பக்கக் கதவால் நுழையும் இடங்கள்தான். தண்ணீர் எவ்வளவு வேகத்தில் அடிக்கும் என்பதன் கணக்குத்தான் பார் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு என்னை வெளியே கூட்டிப் போய், சேறு பிடித்த ஒரு வேனின் மீது இருநூறு பார் மெஷினால் அடித்துக் காட்டினார். சேறு பறந்தது. கூடவே வேனின் பக்கத்தில் எழுதியிருந்த பெயரில் ஓர் எழுத்தும் பறந்தது. அவர் அதைக் காணாதவர்போல் மெஷினை நிறுத்தினார்.

"நான் கழுவப்போறது மரம்" என்றேன்.

"அப்படின்னா இன்னும் நல்லா போகும் மேடம். பாரமா இருக்கும்னு நெனைச்சா, இந்தா இது சின்னது. லேடீஸ் மொடல்."

லேடீஸ் மொடல் ரோஸ் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் இருநூறு பாரை வாங்கி அவருடைய கழுத்துப்பட்டியை நோக்கித் திருப்ப வேண்டும்போல் ஓர் எண்ணம் வந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன்.

கெலிஓயாவில் என் ஒபிஸ் தோழி சொன்ன ஹாட்வெயார் கடை ஒன்று இருந்தது. வாப்பா தொடங்கிய கடையாம். இப்போது மகள் நடத்துகிறாள். முப்பது வயதிருக்கும். முக்காட்டை ஊசியால் இறுக்கிக் குத்தி, காதில் பென்சில் செருகியிருந்தாள். நான் மெஷின் என்று வாயைத் திறந்ததும் அவள் ஒரு மெஷினையும் காட்டவில்லை. கேள்வி கேட்டாள்.

"என்னத்தக் கழுவப் போறீங்க மிஸ்?"

"மரத்துல போட்ட டெக். பாசி பிடிச்சிருக்கு."

"தண்ணி எங்கிருந்து வருது? டாங்கியா, லைனா?"

"கூரைக்கு மேல டாங்கி."

"அப்ப வேகம் குறைவா ஈக்கும். வாளியில இருந்தும் உறிஞ்சி எடுக்கிற மெஷினாப் பாக்கணும். சரி, என்ன மரம்?"

"தேக்கு. பர்மாத் தேக்கு."

"நிச்சயமாவா?" பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "ஏன் கேக்கிறேண்டா, தேக்குண்டா எம்பது பார் வெச்சாலும் தாங்கும். பைன் மாதிரி மெதுவான மரமுண்டா நாப்பதுக்கு மேல போகவே வாணாம். நார் எழும்பிப் போகும். பொறகு ஆடு மேஞ்ச புல்லு மாதிரி ஈக்கும். சும்மா நெனைச்சுச் செல்லாம, என்ன மரமுண்டு வீட்டுல கேட்டுச் செல்லுங்க."

எனக்குக் கொஞ்சம் ரோஷமாக இருந்தது. ஏழு வருஷமாக நான் என் ஒபிசில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவந்த தேக்கு அது. இருந்தாலும் அவள் முன்னாலேயே வீட்டுக்கு அழைத்து, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்க, நம்ம டெக்கு என்னா மரம்? கடையில கேக்குறாங்க."

போனில் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். செக்கன்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"என்னங்க?"

"தேக்குதான்" என்றார். பிறகு, "மெஷினெல்லாம் எதுக்கு இப்ப? வீட்டுக்கு வா" என்றார்.

கடைக்காரி பென்சிலைத் திரும்பக் காதில் செருகினாள். அவள் எடுத்துத் தந்தது ஒரு நடுத்தர மெஷின். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. உச்சம் நூற்று முப்பது. குழாய் முனையில் மாட்ட, தண்ணீரை விசிறிபோல் விரித்து அடிக்கும் நொசல் ஒன்று, ஊசிபோல் அடிக்கும் சிவப்பு நொசல் ஒன்று. சிவப்பு நொசலைத் தனியாக ஒரு கடதாசியில் சுற்றினாள். "இது சீமெந்துக்கு. மரத்துக்கிட்டக் கொண்டு போகவே வாணாம். ஒரு அடி தள்ளிப் புடிச்சு, மர ஓட்டத்தோட அடிங்க. மூலையில கொஞ்சம் அடிச்சுப் பாத்துட்டு மத்ததக் கழுவுங்க."

இவ்வளவு தெளிவாக ஒருவர் எனக்கு எதையும் சொல்லி வருஷக் கணக்காயிற்று. வீட்டுக்கு வந்ததும் அதில் பாதியை மறந்தேன்.

மறுநாள் ஞாயிறு. நான் பூசைக்குப் போகவில்லை. சாமியாரே விழுந்து கும்பிட்டாலும் போயிருக்க மாட்டேன். இறப்பர் சப்பாத்து போட்டு, சல்வாரை முழங்காலுக்கு மடித்து, மெஷினை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா குடையும் கதிரையுமாக மதிலோரம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

திருகை எண்பதில் வைத்தேன். தேக்குத்தானே. மூலையில் பரீட்சை பார்க்க வேண்டும் என்பதை மறந்து, நட்ட நடுவில், என் கணவர் விழுந்த இடத்திலேயே தொடங்கினேன்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? குழாய் ஒருமுறை உதறியது. பச்சை அப்படியே உரிந்து ஓடியது. நான்கு வருஷப் பாசி, நாலு செக்கனில். இருபத்தெட்டு வருஷம் ஒபிசில் கோப்புக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்த எனக்கு, ஒரு காரியம் கண்முன்னே முடிவதைப் பார்த்துப் பழக்கமில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா மதிலுக்கு அப்பால் கைதட்டினார்.

பாசிக்குப் பிறகு தண்ணீர் மண்ணிறமாக ஓடத் தொடங்கியது. தேக்கின் எண்ணெய் என்று நினைத்தேன். பிறகு பலகை வெளிறிக்கொண்டே போனது. தேனிறம் வரும் என்று பார்த்தால் பாண் துண்டின் நிறம் வந்தது. அத்தோடு பலகைக்கு மயிர் முளைத்தது. உண்மையாகவே மயிர். சின்னச் சின்ன நார்களாக எழும்பி நின்றது.

நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பலகையின் ஓரிடத்தில் வட்டமாக ஒரு கறை போகாமல் நின்றது. எனக்குக் கோபம் வந்தது. கடதாசியைப் பிரித்துச் சிவப்பு நொசலை மாட்டினேன்.

கறை போனது. கறை இருந்த இடத்திலிருந்து, மரத்தூளும் கோந்தும் குழைத்து அடைத்த ஏதோ ஒன்று கட்டியாகப் பெயர்ந்து என் சப்பாத்தில் விழுந்தது. அது அடைத்திருந்த பள்ளத்தில் ஒரு குடை தெரிந்தது. விரித்த குடை, மேலே மழைத்துளிகள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மரத்தில் சுட்ட முத்திரை.

மெஷினை நிறுத்தினேன். அக்கா மதிலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன காணும் அது?"

"குடை, அக்கா."

"தேக்கில குடை வளருமோ?"

பக்கத்துப் பலகையிலும் அடித்தேன். இப்போது சும்மா இருக்க முடியவில்லை. அதில் ஒரு வைன் கிளாஸ் வந்தது. அதற்கடுத்ததில் இரண்டு அம்புகள். கப்பலில் சாமான் வரும் பெட்டிகளில் போடுவார்களே, நனைக்காதே, உடைக்காதே, இந்தப் பக்கம் மேலே என்று, அதேதான். அம்புகள் இரண்டும் எங்கள் கக்கூஸைக் காட்டின.

அக்கா கதிரையைவிட்டு எழும்பி, சுற்றிக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்து, குனிந்து, அந்த மண்ணிறத் தண்ணீரை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இது மரத்துக்குப் பூசுற சாயம். ஒண்டுக்கு மேல ஒண்டாப் பூசியிருக்கு. கண்ணாடி மாதிரி படிஞ்சிருக்கும். பாசியைவிட உதுதான் தம்பியை வழுக்கி விழுத்தியிருக்கும்."

அப்போதுதான் பின்கதவில் என் கணவர் நின்றதைக் கண்டேன். மெஷின் நின்றதும் எழும்பி வந்திருக்கிறார். நீச்சல் வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். குடையைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ம்."

"எப்ப இருந்து?"

"கட்டி ரெண்டாம் வருஷம். ஓரத்துல அடைச்சிருந்தது பேந்து, ஒரு முத்திரை வெளிய வந்துச்சு. தச்சருக்குக் கோல் எடுத்தேன். நம்பர் வேல செய்யல. ஆளு வேற எங்கயோ போயிட்டாரு."

"அப்ப நீங்க வருஷா வருஷம் பூசினது?"

டெக் முழுக்கப் பச்சை மூடும்வரை, நான் நுவரெலியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர் டெக்குக்கு எண்ணெய் பூசுவார். தேக்குக்கு எண்ணெய் வைக்க வேண்டுமாம். திரும்பி வரும்போது பளபளவென்று இருக்கும். நானும் தங்கச்சிக்குப் படம் எடுத்து அனுப்புவேன்.

"சாயந்தான்" என்றார். "எல்லாருக்கிட்டயும் தேக்குன்னு சொல்லிட்டேனே. ஆஸ்பத்திரியில, கோயில்ல. ஒன்கிட்டயும். பெரிசா சத்தம் போட்டு வேற சொல்லிட்டேன்."

நுண்ணோக்கியில் கிருமியைக் கண்டுபிடித்த மனிதருக்குப் பெட்டிப் பலகையைத் தெரியவில்லை. அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு வேறு ஒன்றில்தான் மனம் எரிந்தது.

"அது போகட்டும். நேத்துக் கடையில இருந்து கேட்டேனே. அப்ப சொல்லியிருக்கலாமே. நாப்பதுல வச்சிருப்பேனே."

"ஸ்பீக்கர்ல போட்டிருந்த" என்றார். "அந்தக் கடைப் புள்ள மூச்சு விடுறது எனக்குக் கேட்டுச்சு. யாருன்னே தெரியாத ஒரு புள்ளைக்கு முன்னால எப்படிச் சொல்றது, நான் ஏமாந்தவன்னு?"

சொல்லிவிட்டு அவர் நின்ற நிலை இருக்கிறதே. நரைத்த தாடி, இடுப்பில் வாத்துகள், கண் தரையில். எனக்கு அடிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது. ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று வாயைத் திறந்தால், வந்தது வேறு.

"என் ஒபிஸ்ல நான் என்னா சொல்லியிருக்கேன்னு தெரியுமா? நம்ம தேக்கைப் பாக்க ஹோட்டல்காரங்க வந்தாங்கன்னு சொல்லியிருக்கேன்."

அவர் நிமிர்ந்தார். "யாரு வந்தா?"

"யாரும் வரல. ஒருத்தி அவ வீட்டு மாபிள் தரையைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தா. சொல்லிட்டேன்."

அக்காதான் முதலில் சிரித்தார். மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். என் கணவருக்குச் சிரித்தால் வால் எலும்பு வலிக்கும். "ஐயோ வேணாம், வேணாம்" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலியும் சிரிப்புமாக நெளிந்தார்.

அன்று பின்னேரம் திருகை நாற்பதுக்குக் குறைத்து, விசிறி நொசலை மாட்டி, ஓர் அடி தள்ளிப் பிடித்து, மர ஓட்டத்தோடு மீதியைக் கழுவினேன். மெதுவாகத்தான் போனது. ஆனால் பாசியும் போனது, சாயமும் போனது. மயிர் அவ்வளவாக முளைக்கவில்லை. எல்லாம் முடிய மொத்தம் பதினொரு முத்திரைகள் எண்ணினேன். ஒரு பலகையில் பாதிச் சொல் ஒன்றும் இருந்தது. அது எந்த நாட்டு எழுத்து என்று அக்காவாலும் சொல்ல முடியவில்லை.

மறுவாரம் கெலிஓயாவுக்குப் போய் அந்தக் கடைக்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். சிவப்பு நொசலைப் போட்டதை மட்டும் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிவப்பையும் மாட்டினீங்கதானே?" என்றாள். தலையாட்டினேன். உரசும் கடதாசியில் இரண்டு வகை எடுத்துத் தந்து, முதலில் கரடு, பிறகு மென்மை என்றாள். சாயம் வேண்டவே வேண்டாம், மழையில் நிற்கும் மரத்துக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிற எண்ணெய் போதும் என்றாள். உரசும்போது முத்திரைகளையும் தேய்த்துவிட முடியுமா என்று கேட்டேன். "சுட்டது ஆழமா ஈக்கும் மிஸ். தேய்ச்சுத் தேய்ச்சுப் பலகைதான் முடிஞ்சு போகும்" என்றாள்.

உரசும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். உட்காரக் கூடாது என்றுதானே டொக்டர் சொன்னார், முழந்தாளிடக் கூடாது என்று சொல்லவில்லை. அது கத்தோலிக்கனுக்குப் பிறவியிலிருந்தே பழக்கம். காலையில் வெயில் வந்ததும் டெக்கில் முழந்தாளிட்டு, ஒரு நாளைக்கு ஒரு பலகை, சில நாளில் அரைப் பலகை. நான் ஒபிசுக்குப் புறப்படும்போது குடைப் பலகையில் நிற்பார், திரும்பி வரும்போது கிளாஸ் பலகைக்கு வந்திருப்பார். முன்பெல்லாம் தேக்கைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசியவர், இப்போது ஒன்றும் பேசுவதில்லை. உரசி முடித்த பலகையில் என் கையைப் பிடித்து வைத்து, "பாரு, வழுவழுன்னு" என்று மட்டும் சொல்வார். ஒருநாள் பாதர் சுகம் விசாரிக்க வந்து, "என்ன, தேக்குக்கு மருந்து போடுறீங்களா?" என்றார். "தேக்கு இல்ல பாதர், பெட்டிப் பலகை" என்றார் என் கணவர். பாதர் காது கேட்டதுபோலவும் கேளாததுபோலவும் தலையாட்டிவிட்டு, கோயில் முற்றத்துப் படிகளுக்கு அந்த மெஷினை ஒருநாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார்.

அவருக்கு முன்பே அக்கா கேட்டுவிட்டார். கேட்டார் என்பதைவிட உத்தரவு போட்டார் என்பதே சரி.

"வாற சனி என்ர வீட்டு முத்தத்தையும் ஒருக்காக் கழுவித் தாரும். இருபது வருஷத்து அழுக்கு."

"வாறேன் அக்கா. என்னா தரை?"

"சீமெந்துதான். நானே நிண்டு பாத்துப் போடுவிச்சது."

சனிக்கிழமை மெஷினை மதில் சுற்றி இழுத்துக்கொண்டு போனேன். சிவப்பு நொசலை மாட்டினேன். அக்காவைக் கதிரையோடு விறாந்தைக்குள் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு, திருகை நூற்று முப்பது வரை திருப்பினேன்.